லூர்தம்மாளின் இடது கை

இந்த பஸ்ஸுக்கு பெயிண்ட் அடிச்சவன் மூக்குல துணி கட்டாம அடிச்சிருக்கான் சார். எப்படித் தெரியும்னு பாக்கறீங்களா? உங்க தலைக்கு மேல இருக்கற கம்பியைப் பாருங்க. எப்படி வழிஞ்சிருக்கு பாத்தீங்களா? நெடி தாங்காம அவசர அவசரமா அடிச்சுட்டு வெளிய ஓடியிருக்கான். நான் கரூர்ல பஸ் பாடி கட்டற பட்டறையில முப்பத்தொரு வருஷம் ஸ்ப்ரே பெயிண்டர். மாஸ்க் இல்லாம ஒரு நாள் உள்ள போனதில்ல. கூட வேலை பாத்தவனுங்க நாலு பேரு இருமி இருமியே போய்ச் சேந்துட்டானுங்க. நான் இருக்கேன்ல? அதைத்தான் சொல்றேன். ஒழுங்கா இருந்தா ஒண்ணும் ஆகாது. எவன் கேக்கறான்?

திருச்சி வரைக்குமா? நானும் திருச்சிதான். மக வீட்டுக்கு. மகளைப் பாக்க இல்ல, பொண்டாட்டியைக் கூட்டிட்டு வர. வர்ற ஞாயித்துக்கிழமை, குருத்து ஞாயிறு அன்னைக்கு, எங்க ஊர்ல பாஸ்கா. அதுக்குள்ள அவளைக் கொண்டுபோய் எங்க கோயில் பங்குச் சாமியார் முன்னாடி நிறுத்தி, "என் கைக்கு ஒண்ணும் ஆகல சாமி"ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்ல வைக்கணும். சொல்லிட்டான்னா பொறுப்பு திரும்ப எனக்கு வந்துரும். இல்லேன்னா இருபத்திரெண்டு வருஷமா நான் பாத்த வேலையை பெயிண்ட் கடைக்காரன் மச்சான் பாப்பான். அவன் இப்பவே ரோமன் சிப்பாய் கவசத்துக்கெல்லாம் சில்வர் அடிச்சு வச்சிருக்கான் சார். பாத்தா சிப்பாய் மாதிரியா இருக்கு? மொட்டை மாடித் தண்ணி டேங்கு மாதிரி இருக்கு.

பாஸ்கான்னா தெரியாதா? இயேசு சாமி பாடுபட்டு மரிச்சதை நாடகமாப் போடறது. எங்க ஊர்ல ஜனங்களே நடிப்பாங்க. லாரி டிரைவர் பிலாத்து, மளிகைக் கடைக்காரர் கயபாஸ். இயேசுவா நடிக்கிறவன் தவக்காலம் நாப்பது நாளும் கறி மீன் தொடமாட்டான். என் பேரு இன்னாசி. வேஷம் போட்டதில்ல. சாமான் பொறுப்பு. ஈட்டி, கவசம், சிலுவை, துணிமணி எல்லாத்தையும் பழசாக்கறது. பட்டறையில பளபளப்பு வரணும்னு உயிரை விட்டேன், இங்க பளபளப்பு போகணும்னு உயிரை விடறேன். இதுதான் சார் கஷ்டம். புது வேட்டியை எவனும் கட்டிட்டு வருவான். ரெண்டாயிரம் வருஷத்துப் பழசாக்கிக் காட்டுங்க பாப்போம்.

அதையும் ஒருத்தனுக்கும் கெடுதல் இல்லாமப் பண்ணணும். அதுதான் என் பேச்சு. நான் பொறுப்புக்கு வர்றதுக்கு முன்னாடி அங்க நடந்த கூத்தைக் கேளுங்க. கோயில் கொட்டகைக்குள்ள கதவைச் சாத்திட்டு ஸ்ப்ரே அடிப்பாங்க. பக்கத்துலயே ஒருத்தன் பீடி பிடிப்பான். பெயிண்டுல கலக்கற தின்னரைக் குடிக்கிற கலர் பாட்டில்ல ஊத்தி வச்சிருந்தாங்க சார், கயபாஸ் தாகத்துல எடுத்து வாய்கிட்டக் கொண்டு போயிட்டான்! நான்தான் தட்டிவிட்டேன். தட்டிவிட்டதுக்கு என்னைத் திட்டினான், அங்கியெல்லாம் நனைஞ்சு போச்சாம். அன்னைக்கே சட்டம் போட்டேன். பேர் எழுதாத பாட்டில் ஒண்ணு உள்ள இருக்கக்கூடாது. ஸ்ப்ரே அடிக்கிறதுன்னா வெளிய, காத்துக்கு முதுகு காட்டி நின்னு. தீப்பந்தம் பிடிக்கிறவனுக்கு நைலான் கிடையாது, காடாத்துணிதான். அலுமினியப் பொடியைச் சும்மாக் கொட்டக்கூடாது, பறந்து நெஞ்சுக்குள்ள போகும், ஈரத்துல குழைச்சுட்டுத்தான் தொடணும். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச துணியை அலசிக் காயவச்சுத்தான் நடிக்கிறவன் கையில குடுக்கணும். ஏன்னா அந்தத் தூசு மூக்குல ஏறும். சிலுவையைத் தூக்கிட்டு மூணாந்தரம் விழற இடத்துல ஒருத்தன் அடுக்கடுக்காத் தும்மினா ஜனம் அழுமா சிரிக்குமா?

செம்மண்ணுகூட நேரா எடுத்துத் தேய்க்க மாட்டேன். எந்த மண்ணுல என்ன இருக்கோ. சலிச்சு, வறுத்து, ஆறவச்சுத்தான் தேய்ப்பேன். லூர்தம்மா வாணலியிலதான் வறுக்கறது. லூர்தம்மாதான் என் சம்சாரம். தவக்காலம் முழுக்க அந்த வாணலி என்கிட்டதான் இருக்கும். டீத்தூளு, தேங்காய்த் துருவி, அம்மிக்கல்லு, எல்லாம் என்கிட்டதான். அவ ஒண்ணும் சொல்ல மாட்டா.

இதெல்லாத்தையும் விடப் பெரிய சட்டம் ஒண்ணு வச்சிருக்கேன். மனுசன் தோல்ல படற எதையும் டெஸ்ட் பண்ணாமப் பூசக்கூடாது. சாட்டையடி வாங்கின முதுகுக்கு ரத்தம் பூசணும், கிழிஞ்ச சதைக்கு ரப்பர் பால் தடவணும், சிப்பாய் மூஞ்சிக்கு அழுக்கு அப்பணும். புது ரத்தம்னா சக்கரைப் பாகுல கலர் போட்டா முடிஞ்சுது, எறும்பு மட்டும்தான் வரும். காஞ்ச ரத்தம்தான் சார் வித்தை. கருஞ்சிவப்பா, அங்கங்க கட்டி தட்டின மாதிரி. அதுக்கு நான் கண்டுபிடிச்சது, காவியும் நரைக்குத் தலையில அடிக்கிற டை பொடியும். ஊர்ல பாதிப் பேரு தலையில பூசற சாமான், அதுல என்ன ஆகப் போகுது? இருந்தாலும் டெஸ்ட் பண்ணாம விடமாட்டேன்.

எப்படியா? சாயங்காலம் ஆறு மணிக்கு, கோயில்ல திரிகால ஜெபத்துக்கு மணி அடிக்கிறப்ப, கையோட உள்பக்கத்துல ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாப் பூசுவேன். பக்கத்துல பேனாவால நம்பர். ஒண்ணு ரத்தம், ரெண்டு ரப்பர் பால், மூணு அழுக்கு. மறுநாள் காலையில ஆறு மணிக்குப் பூசைக்கு மணி அடிக்கறப்ப துடைச்சுட்டுப் பாக்கணும். பன்னெண்டு மணி நேரம். சிவக்கலேன்னா சரி. நோட்டுல எழுதிருவேன். இந்தாங்க பாருங்க, இதுதான் அந்த நோட்டு. வருஷம், சாமான், நம்பர், கடைசிக் கட்டத்துல என்ன எழுதியிருக்கு? சரி. புரட்டுங்க. சரி. அடுத்ததும் சரி. இருபத்திரெண்டு வருஷம் சார், ஒரு இடத்துல அடிச்சுத் திருத்தியிருக்கேனா?

என் கையிலயா? என் கையில பூசி என்ன பிரயோஜனம்? தொட்டுப் பாருங்க. சும்மாத் தொடுங்க சார். முப்பத்தொரு வருஷம் தின்னர்ல கழுவின கை. ஆசிட்டு பட்டாக்கூட யோசிச்சுத்தான் சிவக்கும். இது தோலே இல்ல, தகரம். லூர்தம்மா கைதான் சரியான கை. அவளுக்கு மெல்லிசுத் தோல், கொசு கடிச்சா ரெண்டு நாள் தடிச்சு நிக்கும். அந்தத் தோலுக்கே ஒண்ணும் ஆகலேன்னா எவன் தோலுக்கும் ஆகாது. இது விஞ்ஞானம் சார். இடது கைதான் கேப்பேன், அவளுக்கு வேலை கெடக்கூடாது பாருங்க. ஆறு மணி ஆனா அவளே வந்து கையை நீட்டிருவா. காலையில, "என்னடி, சரியா?"ம்பேன். "சரிதான்"பா. அவ்வளவுதான்.

சும்மா சொல்லக்கூடாது, அடக்கமான பொம்பளை. அந்தக் கரூர் வெயில்லயும் முழுக்கை ஜாக்கெட்டுதான் போடுவா. மத்த பொம்பளைங்க கேலி பண்ணுவாங்க. எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

இந்த வருஷம் ஏழரை ஆரம்பிச்சது அங்கியில. எங்க ஊர்ல இயேசு போடற அங்கி நேர்ச்சையா வரும். வேண்டுதல் பலிச்ச குடும்பம் ஒண்ணு எடுத்துக் குடுக்கும். மூணு வருஷம் முன்னாடியே பேர் குடுத்து வச்சாத்தான் கிடைக்கும். தவக்காலம் ஆரம்பிக்கற சாம்பல் புதன் அன்னைக்குத் தாம்பாளத்துல வச்சு, பூவெல்லாம் வச்சு, மந்திரிச்சுக் குடுப்பாங்க. இந்த வருஷம் ஸ்டெல்லா டீச்சர் முறை. அவங்க மகன் டெங்கு வந்து பொழைச்சான். அதுக்காக அவங்களே ராவெல்லாம் உக்காந்து கழுத்துல பூவேலை செஞ்சு, சந்தனக் கலர்ல ஒரு அங்கி குடுத்தாங்க. நல்ல துணி சார். நல்ல துணிதான் நல்லாப் பழசாகும்.

நான் என்ன பண்ணினேன்? என் வேலையைப் பண்ணினேன். டீ டிகாஷன்ல ரெண்டு நாள் ஊறப்போட்டேன். முட்டிப் பக்கம் அம்மிக்கல்லுல தேய்ச்சேன். கீழ் ஓரத்தைத் தேங்காய்த் துருவியில குடுத்து நார் நாராப் பிரிச்சேன். வறுத்த மண்ணு. சிலுவை உக்கார்ற தோள்ல கறுப்பு. முதுகுல காஞ்ச ரத்தம். கழுத்துல இருந்த பூவேலை இருக்கே, அதைப் பாதி பிரிச்சு விட்டேன், யாரோ பிடிச்சு இழுத்துக் கிழிச்ச மாதிரி. அவ்வளவு உயிரோட வந்துருச்சு சார் அது.

வழக்கமா நேர்ந்தவங்க பாஸ்கா அன்னைக்கு லைட்டு வெளிச்சத்துல தூரமா நின்னுதான் பாப்பாங்க. பாத்து அழுவாங்க, கும்பிடுவாங்க. இந்த டீச்சர் ஒத்திகைக்கே வந்துட்டாங்க. வந்தவங்க அதைக் கையில எடுத்தாங்க. அந்தக் கழுத்துப் பூவைத் தடவிப் பாத்தாங்க. அப்புறம் உக்காந்து அழ ஆரம்பிச்சுட்டாங்க. "என் புள்ளை உசுருக்காக நேர்ந்தது இன்னாசியண்ணே, இப்படிப் பண்ணிட்டீங்களே"ன்னு. நான் சொன்னேன், "டீச்சர், பாடுபட்டவரு அங்கி இஸ்திரி போட்டா இருந்திருக்கும்?" கேட்டது தப்பா? நீங்க சொல்லுங்க.

அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சு, புள்ளைங்களுக்கு ஞானோபதேசம் சொல்லித் தர்ற ரூம்ல பாஸ்கா கமிட்டி கூடுச்சு. சாமியாரு மொதல்ல என் பக்கம்தான் பேசினாரு, அதையும் சொல்லணும். "அங்கி அழுக்காத்தான் இருக்கணும் டீச்சர், அதுதான் பாடு"ன்னாரு. டீச்சர் கண்ணைத் துடைச்சுட்டு, "அழுக்கை விடுங்க சாமி, அது போகட்டும். இது உடம்புல படற துணி. இதுல என்னென்ன கலந்திருக்கு? போன வருஷம் இயேசுவா நடிச்ச பெலிக்ஸுக்கு உயிர்ப்பு ஞாயிறு கழிஞ்சு முதுகெல்லாம் என்ன ஆச்சு?"ன்னாங்க.

வேர்க்குரு சார். சித்திரை வெயில்ல வேர்க்குரு வராம வேற என்ன வரும்? பெலிக்ஸே வேர்க்குருன்னுதான் சொன்னான். இந்த வருஷம் அவன் நடிக்க வரல, வேலை ஜாஸ்தின்னுட்டான். அதையும் இதையும் முடிச்சுப் போடறாங்க.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. யாரைப் பாத்து என்ன கேள்வி கேக்கறாங்க! பாதுகாப்பு பாதுகாப்புன்னு கரடியாக் கத்தினவன் நான். நோட்டை எடுத்து மேசை மேல போட்டேன். "படிங்க"ன்னேன். ஒருத்தரும் தொடல. "நோட்டுல யார் வேணா எழுதலாம்"னான் அந்த பெயிண்ட் கடைக்காரன் மச்சான். அப்பத்தான் சார் நான் அதைப் பண்ணினேன். லூர்தம்மா வெளிய கோயில் வாசலைக் கூட்டிட்டு இருந்தா. ஜன்னல் வழியாக் கூப்பிட்டேன். வந்தா, கையில விளக்குமாறோட. "இந்தா, கையைக் காட்டுடி"ன்னேன். அவளுக்குப் புரியல. நானே பிடிச்சு, பொத்தானைக் கழட்டி, ஜாக்கெட்டுக் கையை முழங்கைக்கு மேல சுருட்டி விட்டு, எல்லாருக்கும் தூக்கிக் காட்டினேன். "பாருங்க. இருபத்திரெண்டு வருஷம். இந்தக் கையில பூசாம எவன் உடம்புலயும் நான் பூசினதில்ல. இதுக்கு மேல என்ன அத்தாச்சி வேணும் உங்களுக்கு?"ன்னு கேட்டேன்.

அந்த வாரம் போட்ட நம்பரு மூணும் அழியாம இருந்துச்சு, ஒண்ணு ரெண்டு மூணுன்னு. மேல கீழ பழைய வட்டம் கொஞ்சம் இருந்துச்சு. கறுப்பா, சிலது வெள்ளையா. அடுப்புல வேகற கை, இருக்கத்தான் செய்யும். பெயிண்ட் கடைக்காரன் மச்சான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். சாமியாரு குனிஞ்சு மேசையவே பாத்துட்டு இருந்தாரு. ஜெயிச்சாச்சுன்னு நெனச்சேன்.

ஸ்டெல்லா டீச்சர் எந்திரிச்சு வந்தாங்க. லூர்தம்மா கையை என்கிட்டருந்து வாங்கி, சுருட்டின கையை மெல்ல இறக்கி விட்டு, பொத்தானைப் போட்டு விட்டாங்க. அவ கூட்டத்துல நின்னு பழக்கமில்லாதவ. விளக்குமாறை எடுத்துட்டு வெளிய போயிட்டா. சாமியாரு சொன்னாரு, "இன்னாசி, இந்த வருஷம் நீங்க ஓய்வெடுங்க." எதுக்கு சாமின்னேன். "லூர்தம்மா தானா வந்து, கைக்கு ஒண்ணும் இல்லேன்னு என்கிட்ட சொல்லட்டும். அப்புறம் பாக்கலாம்"னாரு. டீச்சர் அழுததுல மனசு மாறிட்டாரு. பொம்பளை கண்ணீரைப் பாத்தா சாமியாரும் மனுசன்தானே.

வீட்டுக்கு வந்து லூர்தம்மாகிட்ட, "நாளைக்கு வந்து சாமியார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு"ன்னேன். அரிசி களைஞ்சுட்டு இருந்தா. தண்ணியை வடிச்சுட்டு அடுப்புப் பக்கம் போயிட்டா. திங்கக்கிழமை காலையில பாத்தா பையை எடுத்து வச்சுட்டு நிக்கறா. "ஜெசிந்தா வீட்டுக்குப் போறேன்"னா. ஜெசிந்தா எங்க மக. சரி, மகளைப் பாத்து நாளாச்சு, போகட்டும்னு நான் பெருந்தன்மையாத்தான் விட்டேன். "வியாழக்கிழமைக்குள்ள வந்துரு, காஞ்ச ரத்தத்துல டை கொஞ்சம் கூட்டிப் போட்டிருக்கேன், டெஸ்ட் பண்ணணும்"னு சொல்லித்தான் அனுப்பினேன்.

வியாழக்கிழமை வரல. போன் பண்ணினா எடுக்கல. தவக்காலத்துல, அதுவும் பாஸ்கா நெருங்கற நேரத்துல, குடும்பத்தைப் போட்டுட்டுப் போய் உக்காந்துக்கற பொம்பளை எங்கயாவது உண்டா? ஊர்ல எவன் மூஞ்சியிலயும் முழிக்க முடியல. சரி, யாரு கையும் வேண்டாம், நானே காட்டறேன்னு முடிவு பண்ணினேன். கை தகரம், சரி. தின்னர் படாத இடம்னு உடம்புல ஒண்ணு இருக்கும்ல? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, சட்டையைக் கழட்டி, இடது நெஞ்சுல காசு அளவு பூசினேன். காலையில ஆறு மணிக்குத் துடைச்சேன். ஒண்ணும் இல்ல. பாத்துக்கங்க, ஒண்ணும் இல்ல! நோட்டுல 'சரி'ன்னு எழுதிட்டு, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நேரா சாமியார்கிட்ட போய்ச் சட்டையைத் திறந்து காட்டினேன். அவரு நெஞ்சையும் பாக்கல, நோட்டையும் பாக்கல. "லூர்தம்மா எங்க?"ன்னாரு. வேற பேச்சே இல்ல.

நீங்க மருந்துக் கம்பெனியில வேலையா? பையைப் பாத்தே நெனச்சேன். அப்ப உங்களுக்குத் தெரியும். இதுக்கு முன்னாடி இந்த மாதிரிக் கேள்விப்பட்டிருக்கீங்களான்னு சொல்லுங்க. அந்த ஞாயித்துக்கிழமை சாயங்காலமே நெஞ்சு அரிக்க ஆரம்பிச்சுது. வேர்வைன்னு நெனச்சேன். திங்கக்கிழமை காலையில பாத்தா காசு அளவு பூசினது உள்ளங்கை அளவு சிவந்து கிடக்கு. பொட்டுப் பொட்டாக் கொப்புளம். சட்டை பட்டா எரியுது, காத்து பட்டா எரியுது. என்னடா இது, சரின்னு எழுதிட்டேனே!

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். சின்னப் பொண்ணு, டாக்டரம்மா. டை பொடின்னதும் தலையில கை வச்சுக்கிச்சு. "ஐயா, இதெல்லாம் பூசின மறுநாள் தெரியாது. ரெண்டாம் நாள், மூணாம் நாள்தான் வெளிய வரும். பாக்கெட்டுலயே நாப்பத்தெட்டு மணி நேரம் பாக்கணும்னு போட்டிருக்குமே. ஒரு தடவை ஒத்துக்கலேன்னா அடுத்தடுத்த தடவை இன்னும் மோசமா வரும்"னுச்சு. எறும்பு மாதிரி எழுத்துல போட்டா எவன் படிப்பான்? பெரிசாப் போடறதுக்கென்ன கேடு அவனுங்களுக்கு?

வீட்டுக்கு வந்து இந்த நோட்டை எடுத்து வச்சுட்டு உக்காந்தேன். இருபத்திரெண்டு வருஷமும் காலையில ஆறு மணி. எல்லாமே ஆறு மணி. மூணாம் நாள் அவ கையை நான் ஒரு தடவைகூடப் பாத்ததில்ல சார். பாக்கறதுக்கு நேரம் எங்க? மூணாம் நாள் நான் கொட்டகையில கவசத்துக்குத் துருப் பூசிட்டு இருப்பேன். பெலிக்ஸ், அவனுக்கு முன்னாடி டேனியல், அதுக்கு முன்னாடி அந்த ரயில்வேக்காரன், ஒருத்தனும் ரெண்டு வருஷத்துக்கு மேல நிக்கல. "போதும் மாமா"ன்னுட்டுப் போயிடுவானுங்க. பக்தி போச்சுடா உங்களுக்குன்னு திட்டியிருக்கேன். எத்தனை பேருக்கு எரிஞ்சுதோ. எனக்கு வந்த ஆத்திரமெல்லாம் லூர்தம்மா மேலதான். ஏன்டி சொல்லல? ஒரு வார்த்தை, எரியுதுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அதைத் தூக்கிக் கொட்டியிருக்க மாட்டேனா? என்னைப் பொய்யனாக்கிட்டாளே!

அந்தக் கோவத்தோடதான் நேத்து மகளுக்கு போன் போட்டேன். ஜெசிந்தா எடுத்து, "அம்மா பேச மாட்டாங்கப்பா"ன்னா. அந்தக் குரலே சரியில்ல. நான் கத்தினேன். "எனக்கு நெஞ்செல்லாம் வெந்து கிடக்குது, உங்கம்மாவைக் கூப்பிடு, நான் ஒரு கேள்வி கேக்கணும்"னேன். பின்னாடி லூர்தம்மா கேக்கறது காதுல விழுது. "எத்தனாவது நாளுன்னு கேளு." நாலாவது நாளுன்னேன். அப்புறம் அவளே போனை வாங்கிட்டா.

கேளுங்க சார். அவ சொன்னதை அப்படியே சொல்றேன். "நாலாவது நாளா? அப்ப இன்னைக்குத்தான் ஜாஸ்தியா இருக்கும். சோப்பு போட்டுறாதீங்க. வெந்நி ஆகாது, பானைத் தண்ணி ஊத்துங்க. நாளைக்கு நீர் வடியும், பயந்துறாதீங்க. பழைய வேட்டித் துணி இருந்தா கிழிச்சு, லேசா மூடி வையுங்க. எட்டாம் நாள் தோல் உரியும், பிச்சு எடுக்கக்கூடாது, தானா விழணும். யாராவது வேப்பிலை அரைச்சுப் போடச் சொல்லுவாங்க, போடாதீங்க. இன்னும் எரியும். நான் போட்டுப் பாத்துட்டேன்."

டாக்டரம்மா எழுதிக் குடுத்த சீட்டுல இவ்வளவு இல்ல சார். நாள் நாளா சொல்றா.

நான் எதுக்கு போன் பண்ணினேன்? ஏன் சொல்லலேன்னு கேக்கறதுக்கு. அப்புறம் ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்து சாமியார்கிட்ட சொல்லிருன்னு சொல்றதுக்கு. வாயில வரல. அவ கேட்டா, "நெஞ்சுலயா பூசுனீங்க?" ஆமான்னேன். "அப்பப் பரவால்ல. கையில இருந்தாத்தான் சங்கடம். புளி கரைக்க முடியாது, மிளகாய் தொட முடியாது, சோப்புத் தண்ணியில கை வைக்க முடியாது"ன்னா. அவ பாட்டுக்குச் சொல்றா, கோவமே இல்ல அவ குரல்ல. கோவமா நாலு வார்த்தை திட்டியிருந்தா நானும் திருப்பித் திட்டியிருப்பேன். "புளி பட்டா எரியுமா?"ன்னு கேட்டேன். பைத்தியக்காரன் மாதிரி அதைத்தான் கேட்டேன்.

"எரியும்"னா.

அவ்வளவுதான். போனை வச்சுட்டா. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம். இந்த நோட்டுல எழுதற மாதிரி அவ சொன்ன ஒரே பதில் அதுதான். நானும் ராத்திரி பேனாவை எடுத்தேன், எந்த வருஷத்துல எழுதறதுன்னு தெரியல.

இருந்தாலும் காலையில எந்திரிச்சு வண்டி ஏறிட்டேன். ஞாயித்துக்கிழமை பாஸ்கா. கவசமெல்லாம் தண்ணி டேங்கு மாதிரி இருக்கு. அவ வந்து சொன்னாத்தான் ஆச்சு. சொல்லிருவா சார், நான் கூப்பிட்டு நிறுத்தினா சொல்லிருவா. "ஒண்ணும் ஆகல சாமி"ன்னு முழுக்கை ஜாக்கெட்டோட நின்னு சொல்லிருவா. எனக்குத் தெரியும் அவளை. அதுதான் சார்... குளித்தலை தாண்டினதுலருந்து அதுதான் மண்டையைக் குடையுது. உங்ககிட்டப் பேசிட்டே வந்தா சரியாயிரும்னு பாத்தேன்.

வந்துருச்சா? சத்திரமா இது? இருக்கட்டும், நான் இறங்கல, நீங்க இறங்குங்க. பார்த்து, படிக்கட்டுக் கம்பியில பெயிண்ட் காயல, கையில ஒட்டும். சார், ஒரு உதவி. கண்டக்டர் என்னைப் பாத்தாலே மொறைக்கறான். இதே வண்டி திரும்பக் கரூருக்கு எத்தனை மணிக்கு எடுப்பான்னு நீங்க கேட்டுச் சொல்றீங்களா?